விரிப்பின் மேல் மட்டும் நடந்த கால்கள்

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் இது நடந்தது. இடம் ஷார்ஜாவின் ரோலா. பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய கட்டிடத்தில், ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ரூமில் நானும் ஒருவனாக இருந்தேன். எனக்கு டூட்டி துபாய் அல் கூஸில், ஓர் அச்சகத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய், மாலை நெரிசலில் திரும்பி வருவேன்.

ரூமில் மூத்தவர் கீழக்கரைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்போம். ரூமில் எல்லோருக்கும் அவர் காக்கா. அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பயணப் பெட்டியும் போர்வையும் விற்கும் ஒரு கடை இருந்தது. கடையின் முதலாளி காக்காவுடைய மனைவியின் தம்பி. காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு பூட்டுவது வரை கடையைப் பார்த்துக்கொண்டவர் காக்காதான். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்துக்கொள்வார்கள்.

காக்கா வியாபாரம் செய்வதைப் பார்க்க நன்றாக இருக்கும். பெட்டி உடைந்துவிடுமோ என்று யாராவது தயங்கினால், அதைத் தரையில் படுக்கவைத்து மேலே ஏறி நின்றுகொள்வார். "இந்த உடம்பத் தாங்குது, உங்க சாமானத் தாங்காதா" என்பார். இந்தி, மலையாளம், அரபி எதுவானாலும் அதே வாசகம்தான்.

அவருடைய இடது கை லேசாக ஆடுவதை ரூமுக்கு வந்த புதிதிலேயே கவனித்திருக்கிறேன். மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும். டீ எடுக்கக் கையை நீட்டினால் ஆட்டம் நின்றுவிடும். வேளை தவறாமல் மாத்திரை போடுவார். கேட்டால், "நரம்புக்குச் சத்து மாத்திரைப்பா" என்பார். அது பார்க்கின்சன் நோய் என்பது முதலாளிக்கும், ஊரில் இருந்த மனைவிக்கும் மட்டும் தெரியும். மாத்திரையோடு நாட்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

எங்களுக்கு மேல் மாடியில் கீழக்கரைக்காரர் இன்னொருவர் இருந்தார். ஒரு கம்பெனியில் கணக்கர். அவருக்கு வந்தது வேறு நோய். சாவியைத் திருப்ப முடியவில்லை என்று ஆரம்பித்தது. அடுத்தது சட்டைப் பொத்தான். கைச்சதை கரைந்தது. பேச்சு குழறி, விழுங்குவதே சிரமமானது. அசைவுக்கான நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய், மோட்டார் நியூரான் நோய், என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவரோடு மருத்துவமனைக்குப் போய்வந்தவர் காக்கா. மதியம் கடை அடைத்த நேரத்தில் மாடியேறிப் போய்க் கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். கடைசியில் ஊர்க்காரர்கள் கூடி அந்த மனிதரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். போன சில மாதங்களில் அவர் இறந்துபோனார் என்று மவுத்துச் செய்தி வந்தது.

அதன் பிறகுதான் காக்கா மாறத் தொடங்கினார். முதலில் சிரிப்பு போனது. முகம் ஒரே மாதிரி இருந்தது. "காக்காவுக்கு நம்ம மேல என்னப்பா கோவம்?" என்று ரூமில் இருந்த மொபைல் கடைக்காரர் என்னிடம் கேட்டார். அவரும் அதே ஊர், நாற்பதைத் தாண்டியவர், வாய் சும்மா இருக்காது. பிறகு காக்காவின் குரல் இறங்கியது. நடை சுருங்கியது. பாதம் தரையைவிட்டு எழாமல் தேய்ந்து தேய்ந்து வந்தது. பெட்டியின் மேல் ஏறுவதை விட்டுவிட்டார்.

அதைவிட மோசம் வாசல்கள். லிஃப்ட் கதவு திறக்கும். எல்லோரும் ஏறுவார்கள். காக்கா மட்டும் வெளியே நிற்பார். மேல் உடம்பு முன்னால் சாயும், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல வராது. கதவு மூடப் போகும், யாராவது கையை நீட்டித் தடுப்பார்கள்.

"யல்லா பாய், ஜல்தி" என்றார் ஒருநாள் உள்ளே இருந்த ஒரு பெஷாவர்க்காரர்.

"ஆப் ஜாவ் பாய்" என்று காக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லிஃப்ட் அவரை விட்டுவிட்டுப் போனது.

பெருநாள் கழிந்து ஒருநாள் கடை வாசலில் விழுந்தார். நெற்றியில் அடி. அன்று மாலை முதலாளி ரூமுக்கு வந்தார். கட்டிலில் காக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மச்சான், மாத்திரை போடுறீகளா இல்லையா?"

காக்கா தலையணையைச் சரிசெய்தார்.

"கேக்குறேன்ல."

"நிப்பாட்டி நாளாச்சு மச்சான்."

"ஏன்?"

"செத்த நரம்புக்கு மாத்திரை எதுக்கு? மாடியில உள்ளவரும்தான் போட்டாரு. என்ன ஆச்சு?"

முதலாளி எங்களைப் பார்த்து, இவருக்கு இருப்பது பார்க்கின்சன் என்றார். எங்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. "அப்ப இது அதே நோவா?" என்று முதலாளி காக்காவிடம் கேட்டார்.

"என் டாக்டரும் அதத்தானே சொன்னாக. அசைவு கொறையிற நோவு, மூளையில செல்லு சாகுதுன்னு. அவருக்கும் அதத்தான் சொன்னாக. நான்தானே கூட நின்னு கேட்டேன்."

இரண்டு டாக்டர்களும் என்ன சொன்னார்கள் என்று காக்காவின் காதுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. இரண்டையும் அவர் ஒன்றாக்கிக்கொண்டார். மாடியில் அவர் கஞ்சி ஊட்டிய மாதங்களில் தன்னுடைய வருங்காலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைகுடாவில் யாருக்காவது தீராத நோய் என்று தெரிந்துவிட்டால் ஊர்ச் சங்கத்தில் கூடிப் பேசி, நடமாட்டம் இருக்கும்போதே அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "சீட்டுல உக்காந்து போகணும், பெட்டியில படுத்துப் போகக் கூடாது" என்று முதலாளி அன்று சொன்னது அந்த வழக்கத்தைத்தான். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. விசா கேன்சல் செய்வது ஒருவர் பொறுப்பு, டிக்கெட் இன்னொருவர் பொறுப்பு, ஊரில் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்வது வேறொருவர் பொறுப்பு. காரியங்கள் வேகமாக நடந்தன. வழியனுப்பு விருந்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் குறித்தாயிற்று.

ரூமில் கார்கோ அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வைத்து நாங்கள் அவருடைய சாமான்களை அடுக்கினோம். காக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒரு முறை பேசினார். "அந்தக் கால்குலேட்டர் கடையோடது. எடுத்து வெளியில வைங்க" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஊருக்குப் போறது சந்தோசம்தானே காக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஊருக்குப் போறது சந்தோசம்தாப்பா. படுக்குறதுக்குன்னு போறதுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரம் ஜும்ஆ தொழுகைக்கு எல்லோரும் ஒன்றாகப் பள்ளிவாசலுக்குப் போனோம். காக்காவை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் இன்னொருவரும் பிடித்துக்கொண்டோம். செருப்பு வைக்கும் இடத்தில், பளிங்குத் தரையில், வழக்கம்போலக் கால் நின்றுவிட்டது. கையைப் பிடித்து உள்ளே சேர்த்தோம். விரிப்பில் கால் பட்டதும் அவர் எங்கள் பிடியை விட்டுவிட்டு நடந்தார். கூட்டத்தின் நடுவே முன் வரிசை வரை போய் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் இருவரும் பிடித்த கை பிடித்தபடி நின்றோம்.

மதியச் சாப்பாட்டின்போது மொபைல் கடைக்காரர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீக. நான் ஒண்ணு சொல்றேன். காக்கா நடிக்கிறாரு."

"சும்மா இரிப்பா" என்றார் மீன் ஆனத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தவர்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? பாத்ரூம் வாசல்ல நிக்கிறாரு. லிஃப்டுல நிக்கிறாரு. நம்ம தோள்ல ஏறாத குறையா வர்றாரு. பள்ளிக்குள்ள போனா எக்ஸ்பிரஸ் மாதிரிப் போறாரு. அது என்ன காலு, தொழுகைக்கு மட்டும் டூட்டி பாக்குது?"

"அது அல்லாட வீடு. அங்க அவன் நடக்க வைக்கிறான்."

"அப்ப அல்லா லிஃப்டுகிட்ட இல்லையா?"

கட்டிலில் படுத்திருந்த காக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். "எனக்கே வெளங்கலப்பா. நடிக்கிறேன்னா, எனக்கும் தெரியாமத்தான் நடிக்கிறேன்" என்றார். மொபைல் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

இரண்டு விளக்கமும் எனக்குத் திருப்தியாக இல்லை. மறுநாள் அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு நானே காக்காவை அழைத்துப் போய், அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் விரிப்பு கருஞ்சிவப்பு. தொழுகிறவர்கள் வரிசை பிசகாமல் நிற்பதற்காக அதில் அகலவாக்கில் வெளிர்நிறக் கோடுகள் ஓடும். வாசலிலிருந்து முன்னால் போகிறவர் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும். காக்காவின் கண் அடுத்த கோட்டில் இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பாதம் தரையைவிட்டு எழுந்தது. தொழுது முடித்துத் திரும்பும்போதும் அப்படியே வந்தார். கடைசிக் கோடு முடிந்து பளிங்குத் தரை ஆரம்பித்த இடத்தில் கால் மீண்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடிக்கிறவர் நிற்கும் இடத்தை இவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று மட்டும் தோன்றியது.

அவரை விமானத்தில் ஏற்றலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட முதலாளி நினைத்தார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் நானும் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். காக்காவுக்கு ஆரம்பத்திலிருந்து வைத்தியம் பார்த்த நரம்பியல் டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நோயை வருத்தம் என்றும் மாத்திரையைக் குளிசை என்றும் சொல்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசலில் நின்றுவிட்ட காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தோம்.

"ஐயா, கடைசியா என்னட்ட எப்ப வந்தனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"டைம் கெடைக்கல டாக்டர்."

"குளிசை போடுறீங்களோ?"

காக்கா மடியில் ஆடிய கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டார். முதலாளி முன்னால் வந்தார். "நிப்பாட்டிட்டாரு டாக்டர். நாங்களும் வற்புறுத்தல. எப்படியும் நரம்பு செத்துக்கிட்டுத்தானே இருக்கு. ஊருக்கு அனுப்புறோம். ஃப்ளைட்ல ஏத்தலாமா, அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எந்த நரம்பு சாகுது எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

முதலாளி மாடிக்காரரின் கதையைச் சொன்னார். சாவி, பொத்தான், கஞ்சி, எல்லாவற்றையும். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். முதலாளி முடித்ததும் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பார்க்கின்சன் வந்தவங்களுக்கு அந்த மோட்டார் நியூரான் சாகுமா, சாகாதா டாக்டர்?"

"இல்லை. அது வேற வருத்தம், இது வேற."

காக்கா தலையை நிமிர்த்தினார்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மூளையிலிருந்து இறங்கி முதுகுத்தண்டு வழியாகத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் செல்கள்தான் மோட்டார் நியூரான்கள். மாடிக்காரருக்கு அழிந்தவை அவை. அவை அழிந்தால் தசைக்குக் கட்டளையே போய்ச் சேராது, தசை கரைந்துபோகும். பார்க்கின்சனில் முக்கியமாகக் குறைவது நடுமூளையின் உள்ளே இருக்கும் வேறு வகைச் செல்கள். டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரிப்பவை அவை. அசைவைத் தொடங்கிவைக்கவும் சீராக்கவும் அந்த ரசாயனம் வேண்டும். அது குறைந்தால் நடுக்கம், இறுக்கம், மந்தம் எல்லாம் வரும். ஆனால் தசைக்குப் போகும் நரம்பு தன் இடத்தில் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அந்த நரம்புகளிலும் சின்னச் சின்ன மாற்றங்களைத் தேடிப் பார்ப்பதுண்டாம். ஆனாலும் காக்காவின் தொல்லைக்குக் காரணம் அது இல்லை என்றார்.

முதலாளியின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. டாக்டர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஊர் பஸ்ஸில போயிருப்பீங்கள்தானே. கண்டக்டர் பெல் அடிச்சாத்தான் டிரைவர் எடுப்பார். ஐயாவுக்குப் பெல் அடிக்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சினம். டிரைவர் இருக்கிறார், பஸ் இருக்கு, றோட்டும் இருக்கு. குளிசை போட்டா அது பெல் அடிக்கும். நீங்கள் அதையும் நிப்பாட்டிப் போட்டு, பஸ் பழுது எண்டு ஊருக்கு அனுப்பப் பாக்கிறீங்கள்."

பிறகு அவர் காக்காவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கைச்சதையை அழுத்திப் பார்த்தார். முதலாளியைக் கூப்பிட்டார்.

"நீங்கள் இஞ்ச வாங்கோ. ஐயா, முழங்கையை மடக்கி இறுக்கி வைச்சிருங்கோ. நீங்கள் அதைப் பிடிச்சு இழுத்து நிமித்துங்கோ பாப்பம்."

காக்கா கையை மடக்க நேரமெடுத்தது. மடக்கியதும் முதலாளி இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நாற்காலி நகர்ந்ததே தவிர கை நிமிரவில்லை. காக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

"என்ன மச்சான், பெருநாள் பிரியாணி எல்லாம் வீணா?"

முதலாளிக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்னார்: "இறுக்கம் இருக்கு. மெதுவா இருக்கு. ஆனா பலம் குறையேல்லை. செத்த நரம்பு எண்டா இந்தப் பலம் எங்கால வந்தது?"

அப்போது நான் பள்ளிவாசல் விஷயத்தைச் சொன்னேன். விரிப்பு, கோடுகள், பளிங்குத் தரையில் நின்ற இடம். ரூமில் நடிக்கிறார் என்று பேசிக்கொண்டதை முதலாளியே தயக்கத்தோடு சேர்த்துச் சொன்னார்.

"நடிக்கேல்லை" என்றார் டாக்டர். இதுவும் இந்த நோயின் ஒரு குணம்தானாம். உள்ளேயிருந்து தொடக்கம் வராதபோது, தாண்டிப் போக ஒரு கோடு கண்ணில் பட்டால், மூளை வேறு வழியில் காலைக் கிளப்பிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவில் உதவாது, ஆனால் பலருக்கு உதவும். "அந்தக் கோடுதான் அவருக்கு வெளியில இருந்து அடிக்கிற பெல்" என்றார்.

நர்ஸிடம் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள் ஒன்றை வாங்கி, தானே குனிந்து அறை வாசலிலும் வெளியே நடைபாதையிலும் காலடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினார். காக்காவை எழுப்பி நிற்கவைத்தார். "ஒருத்தரும் பிடிக்க வேண்டாம். ஐயா, கோட்டைத் தாண்டுங்கோ."

சற்றுமுன் அதே வாசலில்தான் நாங்கள் அவரை இழுத்துக்கொண்டு வந்தோம். காக்கா குனிந்து பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு வலது கால் எழுந்து முதல் கோட்டைத் தாண்டியது. அடுத்த கால். வாசலைக் கடந்து நடைபாதை முழுக்கப் போய், அந்தக் கடைசியில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் காக்கா கேட்டார். "அப்ப டாக்டர், இது சொகமாயிருமா?"

"நான் பொய் சொல்ல மாட்டன் ஐயா. இதை முழுக்க மாத்துற மருந்து இன்னும் இல்லை. மெல்ல மெல்லக் கூடும். குளிசையை மாத்திக் கூட்டிக் குறைச்சுப் பாக்க வேண்டி வரும். ஏணியில ஏற வேண்டாம். தினம் நடக்க வேணும். ஆனா மாடியில இருந்தவற்ர வழி உங்கட வழி இல்லை. கன வருசம் வேலை செய்யலாம். ஒண்டு மட்டும், என்னைக் கேக்காமல் குளிசையை நிப்பாட்டக் கூடாது. சட்டெண்டு நிப்பாட்டுறது ஆபத்து. ஓமோ?"

"ஓம்" என்றார் காக்கா, டாக்டரின் யாழ்ப்பாணப் பேச்சிலேயே. டாக்டர் சிரித்துவிட்டார்.

முதலாளியின் காரில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது காக்கா கேட்டார்.

"மச்சான், கேன்சல் பேப்பர் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்குக் குடுக்குறதா இருந்துச்சு."

"அப்ப நாளைக்கு நான் கடையத் தொறக்கணும்."

முதலாளி சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ரூமில் விஷயத்தைச் சொன்னதும் மொபைல் கடைக்காரர் எழுந்தார். காக்காவின் அட்டைப்பெட்டி மேல் கிடந்த ஒட்டுநாடாச் சுருளை எடுத்தார். முழங்காலிட்டு பாத்ரூம் வாசலில், ரூம் வாசலில், பிறகு வராந்தா நெடுக லிஃப்ட் வரை பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டே போனார். அளவு சரியாக வருகிறதா என்று தானே நடந்து நடந்து பார்த்தார்.

"ஏன்ப்பா இம்புட்டு நேராப் போடுறே?" என்றார் காக்கா.

"நான் பேசுன பேச்சுக்கு மறுமையில கேள்வி இருக்குல்ல காக்கா. கோடாவது நேரா இருக்கட்டும்."

கட்டிடக் காவலாளியான வங்காளத்துக்காரர் லிஃப்ட் வாசலில் நின்று பார்த்தார். "யே கியா ஹை பாய்?"

"ரன்வே" என்றார் மொபைல் கடைக்காரர். "காக்கா டேக் ஆஃப் ஆகணும்."

காவலாளி கொஞ்சம் யோசித்தார். உரிமையாளரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மாடியிலிருந்து பட்டைகளை ஒருவரும் பிய்க்கவில்லை.

எல்லாம் மறுநாளே சரியாகிவிடவில்லை. மாத்திரையை டாக்டர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. சில வாரங்களில் குரல் கொஞ்சம் ஏறியது, முகத்தில் அசைவு வந்தது. கடையில் அவருக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் போட்டார்கள். மேலடுக்கிலிருந்து பெட்டி எடுப்பதை வேறொருவர் பார்த்துக்கொண்டார். மாத்திரையின் வேகம் குறையும் நேரங்களில் இன்னும் கால் நிற்கும். அப்போது அவர் அவசரப்படுவதில்லை. கோட்டைத் தேடுவார். கோடு இல்லாத இடத்தில் நாங்கள் யாராவது காலைக் குறுக்கே நீட்டுவோம். அதைத் தாண்டிப் போய்விடுவார்.

வழியனுப்பு விருந்து என்று ஊர்ச் சங்கம் குறித்திருந்த வெள்ளிக்கிழமையை ரத்து செய்ய வேண்டாம் என்று காக்காவே சொல்லிவிட்டார். ஓர் உணவகத்தின் மாடியில் கூடினார்கள். துபாய், அஜ்மான் என்று பல இடங்களிலிருந்தும் ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் காக்கா எழுந்தார். குரல் மெல்லியதாக இருந்ததால் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னை வழியனுப்ப வந்த எல்லாருக்கும் சலாம். ஊருக்குப் போறேன். லீவுல போறேன். ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சு. எனக்கு உள்ள நோவு பார்க்கின்சன். மாடியில இருந்த நம்ம ஆளுக்கு வந்தது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நானா முடிவு கட்டி மாத்திரைய விட்டேன். அது என் மடத்தனம். யாரும் அப்படிச் செய்யாதீக."

அவ்வளவுதான் பேசினார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர், "அப்ப சாப்பிட்ட பிரியாணிய என்ன செய்றது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

கலைந்து போகும் நேரத்தில் ஒரு மனிதர் மட்டும் படிக்கட்டின் பக்கம் நின்றுகொண்டிருந்தார். துபாய் சத்வாவில் துணிக்கடை வைத்திருப்பவர், காக்காவைவிடச் சில வயது இளையவர். வந்ததிலிருந்து அவர் வலது கையை ஜிப்பா பைக்குள்ளேயே வைத்திருந்தார். சாப்பிடும்போதும் கரண்டியை இடது கையில் பிடித்திருந்தது எனக்கு விசித்திரமாகத் தெரிந்தது. காக்கா கோடுகளற்ற படிக்கட்டுத் தளத்தை நெருங்கியபோது அவர் அருகில் வந்தார். பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தன.

"யார்கிட்டயும் சொல்லல காக்கா. மாடிக்காரர் மாதிரி ஆயிருமோன்னு..."

"எத்தன நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

காக்கா அந்தக் கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின. "என்ன நோவுன்னு நான் சொல்ல முடியாது. அதச் சொல்ற ஆள எனக்குத் தெரியும். லீவுல போறதுக்கு முந்தி கூட்டிட்டுப் போறேன். பயந்துக்கிட்டு ஒரு வருசம் உக்காந்தே, இன்னும் ரெண்டு நாள் பொறு" என்றார்.

சொன்னபடியே அழைத்துப் போனார். துணிக்கடைக்காரருக்கும் மருந்து தொடங்கியது. காக்கா ஊருக்குப் போய், லீவு முடிந்து, சொன்ன தேதியில் திரும்பி வந்தார். நான் அதன் பிறகு வேலை மாறி அபுதாபிக்கு வந்துவிட்டேன். எப்போதாவது போன் செய்தால், பேச்சு முடிவதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறார்.

அன்று நாங்கள் எல்லோருமே காக்காவின் மேல் உள்ள பிரியத்தில்தான் அவருடைய சாமான்களைக் கட்டினோம், பிரியத்தில் செய்கிறோம் என்பதாலேயே ஒருவருக்கும் விசாரிக்கத் தோன்றவில்லை. அதனால் இப்போதெல்லாம் யாருக்காவது நோய் என்று கேள்விப்பட்டால், என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுவதற்கு முன்னால், அது என்ன நோய் என்று தெரிந்தவரிடம் ஒருமுறை நேராகக் கேட்டுவிடுகிறேன்.